அளவுநாடாவின் மறுமுனை

காலையிலிருந்து கொத்தனார் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனை அரசாங்கத்திலிருந்து அளவெடுக்க வந்த பெண் பொறியாளரிடம் இருந்தது. பெரிய வீட்டின் எட்டு அறைகளும் கூரையைத் தாங்கிய மரத்தூண்களும் முடிந்து, முற்றத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களுக்கு வந்திருந்தார்கள். மாட்டுத்தொழுவம், வண்டிக்கொட்டகை, அப்புறம் தானியக் களஞ்சியம். களஞ்சியத்தின் உச்சியில் செங்கல்லால் எழுப்பிய புறாக்கூண்டு. களஞ்சியத்தின் பக்கச்சுவரை ஒட்டி ஒரே ஓர் அறை. அந்த அறையில்தான் கொத்தனாரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள்.

பண்ணை கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் அதை விருந்தினர் விடுதியாக்கப் போகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம் என்பதால், பழையதில் ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது, பின்னால் சேர்த்தது எதுவும் நிற்கக்கூடாது என்று அரசாங்கம் நிபந்தனை போட்டிருந்தது. பழைய அறையில் இருப்பவர்கள் பராமரிப்பு வேலைக்கு அங்கேயே இருந்துகொள்ளலாம். புது உரிமையாளர்களின் காரியஸ்தர் முந்தின நாள் வந்து, களஞ்சியத்தை ஒட்டிய அறை பின்னால் சேர்த்தது என்று பார்த்தால் யாருக்கும் தெரியாது, கொத்தனார் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்கு அதே கவலை. காலையில் அவர் சட்டையை மாட்டும்போதும் சொன்னாள். "உங்கப்பா இந்த ரூமுக்கு ஒழுங்கா கதவு வெச்சாரு, ஜன்னல் வெச்சாரு. உங்க வாய்க்கு மட்டும் ஒண்ணும் வைக்காம விட்டுட்டாரு. இன்னிக்கி ஒரு நாள் சாத்தி வைங்க."

அவர் சிரித்தார். சாத்தித்தான் வைத்திருந்தார், அந்த அறை வாசலுக்கு வரும்வரை.

பொறியாளர் அம்மா நல்லவள். தொழுவத்துக்குள் குனிந்து போகும்போது, தலை இடிக்கும் என்று அவரையும் எச்சரித்தாள். அறை வாசலின் வளைவைக் கண்டதும் நின்றுவிட்டாள். விரலால் செங்கல் இடுக்குகளைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன கை பாருங்க! பெரிய வீட்டக் கட்டின அதே மேஸ்திரிதான். வெளியூர்லேருந்து கூட்டிட்டு வந்தாங்களாமே, அந்த ஆளு."

கொத்தனார் நாடாவை இறுகப் பிடித்தார். அவர் குடும்பத்தில் யாரும் பிறத்தியார் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொண்டதில்லை. தன் வேலை பிறத்தியார் பேரில் போகப் பார்த்துக்கொண்டு இருந்ததும் இல்லை. பழைய பண்ணைக்காரர், களஞ்சியத்தின் அழகு கெடாமல் கட்டிக்கொள்வதானால் கட்டிக்கொள் என்று இடம் விட்டபோது, அவருடைய அப்பா ஓய்வு நாட்களில் மட்டும் வேலை செய்து மூன்று வருஷத்தில் அந்த அறையை முடித்தார். பழைய அளவிலேயே செங்கல் அறுத்துச் சுட்டார். வளைவை மூன்று முறை பிரித்துக் கட்டினார்.

"அது எங்கப்பா கட்டினதும்மா" என்றார் கொத்தனார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நம்பாத பார்வை. உள்ளே மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

நம்பாத பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. மூலைக்குப் போய், இடுப்பில் செருகியிருந்த பூச்சுக் கரணையின் நுனியால் ஒரு சாண் அகலத்துக்குச் சுவர்ப் பூச்சைச் சுரண்டினார். "இங்க பாருங்க. களஞ்சியச் சுவரோட கல்லு எங்க சுவருக்குள்ள வரல. ரெண்டும் கோக்கல. பழைய சுவத்துல ஒரு கல்லக்கூட எடுக்காம, பக்கத்துல தனியா நிறுத்தியிருக்காரு. அந்த ஆளா இருந்தா சேத்துக் கட்டியிருப்பான்."

மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக இறங்கிய இடைவெளியில் அவள் தன் பென்சிலை நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தது. அவருடைய அப்பா பெரிய வேலைக்காரர் என்று மனதாரச் சொன்னாள். பிறகு வரைபடத்தில் அந்த அறையின் நான்கு கோடுகளையும் அழித்து, புள்ளிப் புள்ளியாகப் போட்டாள். புள்ளிக்கோடு என்றால் என்ன என்று அவர் கேட்டார். இடிக்க வேண்டியதற்கான குறி என்று விளக்கினாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் ஐயா" என்றாள். எழுதியதை மாற்ற அவளுக்கு அதிகாரம் இருந்தது. மாற்றவில்லை.

அவர் உள்ளே வந்தபோது மனைவி ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"நல்லா சொன்னீங்க. மாமா பேரு நிலைச்சிடுச்சு. நாம எங்க போய் நிக்கிறது?"

அவர் அப்பாவின் வளைவுக்குக் கீழே உட்கார்ந்தார். அன்று சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து இடிக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். களஞ்சியச் சுவரில் கீறல் விழாமல் பிரிக்க வேறு ஆள் கிடையாது என்று காரியஸ்தர் ஊரெல்லாம் சொன்னார். உண்மைதான். சம்மட்டியை அவர் தொடவேயில்லை. உளியால் நெம்பி ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தார். வளைவின் கற்களைத் தனியே அடுக்கினார். ஒன்றுகூட உடையவில்லை. மனைவி தட்டுமுட்டுச் சாமான்களோடு மகள் வீட்டுக்கு முதலிலேயே போயிருந்தாள். மருமகன் முகத்தில் விழிக்கச் சங்கடப்பட்டு, அவர் வண்டிக்கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார்.

அறை இருந்த இடத்தைத் தரைமட்டமாக்கியதும் கடைசி வேலையைச் சொன்னார்கள். புறாக்கூண்டின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அது பழையது, நிற்க வேண்டியது. அளவு ஒத்துப்போகும் செங்கல் வேறெங்கும் கிடைக்கவில்லை.

வளைவின் கற்களைக் கூடையில் கட்டி மேலே ஏற்றினார். சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக வைத்தார். பழைய சுவரோடு இந்த முறை கோத்தே கட்டினார். சாந்து காய்வதற்குள் ஒரு புறா வந்து விளிம்பில் உட்கார்ந்து, அவரை ஒரு கண்ணால் பார்த்தது. கொத்தனார் கரணையை ஒதுக்கி, அதற்கு வழி விட்டார்.