பஞ்சுக்குள் வந்த குப்பி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்துப் பொன்னம்மா சொல்ல மாட்டார்.

தொண்ணூற்றெட்டில் மைசூரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கருவில் முகம் உருவாகும்போது செல்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்புகின்றன. அந்தச் சைகை கிடைத்தால்தான் கண் இரண்டாகப் பிரியும். அமெரிக்க மலைகளில் ஒரு செடி உண்டு. அதைத் தின்ற சினை ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. செடியில் இருக்கும் சைக்ளோபமின் என்ற ரசாயனம் சைகையைத் தடுத்துவிடுகிறது. அதைக் கோழிமுட்டைக் கருவில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. எட்டு மாதம் கடிதம் எழுதிக் கெஞ்சிய பிறகு, அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி இரண்டு மில்லிகிராம் இனாமாக அனுப்பினார். அது இல்லையென்றால் என் ஆய்வே இல்லை.

பார்சல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. பிரித்து, பஞ்சோடு மேஜைமேல் வைத்தேன். பூஜைக்காக நுண்ணோக்கி முதல் இடுக்கி வரை எல்லாவற்றையும் துடைத்துக் குங்குமம் வைப்பது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். உதவியாளர் பொன்னம்மாவிடம், மேஜைமேல் இருக்கும் குப்பி ஒன்றுவிடாமல் கழுவ வேண்டும் என்று அதிகாரம் பண்ணிவிட்டு, பூசணிக்காய் வாங்க மண்டி மொஹல்லா சந்தைக்குப் போனேன்.

பேரம் பேசும்போதுதான் உறைத்தது. ரசாயனம் குப்பியின் அடியில் காய்ந்த படலமாகத்தான் இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது காலிக் குப்பி. பூசணியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் குப்பிகள் வரிசையாகக் கவிழ்ந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தன. வாய்க்கு வந்தபடி பொன்னம்மாவைத் திட்டினேன். கழுவச் சொன்னதே நான்தான் என்பது அப்போது நினைவில்லை. அவர் பூஜைக்கு அடுக்கியிருந்த இடுக்கிகளைக் காட்டினார். நடுவில், பஞ்சு சுற்றி, மூடியில் குங்குமப் பொட்டோடு என் குப்பி இருந்தது.

“ஏனுங்க மேடம், வெறும் குப்பிய ஆராச்சும் இத்தன பஞ்சு சுத்தி அத்தன தூரத்துலருந்து அனுப்புவாங்களா? வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேனுங்க. அடியில வெள்ளையா என்னமோ இருந்துச்சு.”

தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளியிலிருந்து வந்து பதினைந்து வருடமாகக் கண்ணாடி கழுவுகிறவர். கழுவுமுன் ஒவ்வொன்றையும் ஜன்னலில் பிடித்துப் பார்ப்பாராம். கூடவே இருந்த நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. அவர் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிப்பும் கேட்டேன்.

டிசம்பரில் ஒற்றைக்கண் கரு கிடைத்தது. விஞ்ஞானிக்கு நன்றிக் கடிதம் எழுதியபோது, என் அசட்டுத்தனத்தையும் பொன்னம்மாவையும் மறைக்காமல் எழுதினேன். இன்னும் கொஞ்சம் ரசாயனம் வேண்டும் என்றும் கேட்டேன்.

மார்ச்சில் இரண்டாவது பார்சல் வந்தது. முகவரியில் என் பெயர் இல்லை, பொன்னம்மாவின் பெயர் இருந்தது. அவர் பெயருக்கு வந்த முதல் தபால் அது. தபால்காரர் நீட்டிய தாளில் கன்னடத்தில் எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பஞ்சை விலக்கி, குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கி, வெகுநேரம் பார்த்தார்.

“இருக்குதுங்க மேடம்,” என்றார். “இதையும் கழுவச் சொல்லிப்போடாதீங்க.”