குளத்தில் கரையாத வெல்லம்

இந்தக் காலத்தில் கல்யாணம் பண்ணினால் மட்டும் போதவில்லை. பண்ணினோம் என்று எவனோ ஒருத்தனிடம் போய் நிரூபிக்கவும் வேண்டியிருக்கிறது. யாரும் யாரையும் நம்புவதில்லை. கடம்பத்தூரில் ரயில் ஏறியதிலிருந்து சென்ட்ரலில் இறங்கும்வரை அரசப்பன் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மகளும் மருமகனும் வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அரசப்பனும் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. உர மூட்டையைக் கடையிலேயே பிரித்து மோந்து பார்த்துத்தான் வாங்குவார். அது வேறு. உரத்தில் கலப்படம் உண்டு. தாலியில் என்ன கலப்படம்?

மருமகன் துளசிராமன் எளாவூர்க்காரன். எண்ணூரில் பிட்டர் வேலை கற்றுக்கொண்டு சீமைக்குப் போனவன், அங்கே ஒரு மில்லில் இருக்கிறான். லீவில் வந்து ஆனி மாசத்தில் சுலோசனாவைக் கட்டினான். மஞ்சள் காய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். அந்த மாசம் போகும்வரை புருஷன் முகத்தில் விழிக்கக்கூடாது. ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது. லீவே கொஞ்சம்தான், இந்த ஒரு தடவை விட்டுவிடலாமே என்று மாப்பிள்ளை வீட்டில் இழுத்தார்கள். அரசப்பன் விடவில்லை.

"சீமைக்குப் போறவனுக்கு ஆடி வராதா? வரும். அனுப்புங்க பொண்ண" என்று கையோடு அழைத்துக்கொண்டு வந்தார்.

இப்போது ஆவணி. துளசிராமன் அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். விசா கிடைத்தால் சுலோசனாவும் கூடப் போவாள். கிடைக்காவிட்டால் அவன் மட்டும் போவான். அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது. கல்யாணமாகி அப்பன் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசும் என்று அரசப்பனுக்குத் தெரியும். அவரே அப்படிப் பேசியிருக்கிறார்.

தூதரக ஆபீசில் பெஞ்சு பெஞ்சாக ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் ஒருத்தி புருஷனிடம், "உங்க அக்கா பேரு கேட்டா இன்னான்னு சொல்றது? கூப்புடற பேரா, வெச்ச பேரா?" என்றாள்.

"சண்டக்காரின்னு சொல்லு. ரெண்டுக்கும் பொருந்தும்" என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை வந்து திரும்பிப் போனவர்களாம்.

முதலில் துளசிராமனைக் கூப்பிட்டார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். சட்டை முதுகு நனைந்திருந்தது. அவன் சுலோசனாவிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் டை கட்டிய தமிழ் ஆள் ஒருத்தர் வந்து, "பேசிக்கக் கூடாது. நீங்க வாங்கம்மா" என்றார். உள்ளே விசாரிக்கிற வெள்ளைக்காரத் துரை கேட்பதைத் தமிழில் சொல்ல வைத்திருக்கிற ஆள்.

அரசப்பனும் எழுந்தார்.

"பொண்ணு மட்டும்தான் பெரியவரே."

"பொட்டப்புள்ளய வெள்ளக்காரன் ரூமுக்குத் தனியா அனுப்பிட்டு நான் இங்க காத்தாடிகினு குந்திகினு இருக்கணுமா? அது நடக்காது."

டைக்காரர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். பின்னால் உட்காரலாம், பேசக்கூடாது.

சுலோசனா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அரசப்பன் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வீடு எப்படி, மாமியார் யார், கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று துரை கேட்டுக்கொண்டே போனார். பெண் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் சொன்னாள்.

"ஜூலை மாசம் பாதியில இருந்து ஒரு மாசம் நீங்க அப்பா வீட்டுல இருந்திருக்கீங்க. அந்த மாசத்துல உங்க கணவரைப் பார்த்தீங்களா?"

சுலோசனா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்லீங்க."

துரை காகிதத்தைப் புரட்டினார். "அவர் பார்த்தேன்னு சொல்றாரே. திருவள்ளூர்ல."

அரசப்பனால் அடக்க முடியவில்லை. "அவன் ஏதோ பயத்துல ஒளர்றான் தொர. ஆடியில எம்பொண்ணு அவன் நெழலக்கூட பாக்கல. நான் காவல் இருந்தேன். எம்பொண்ணு பொய் சொல்லாது."

டைக்காரர் அதையும் இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவை மூடி வைத்தார். இரண்டு பேரில் ஒருத்தர் பொய் சொல்கிறார்கள், யோசித்து எழுதுகிறோம், போகலாம் என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் துளசிராமன் விஷயத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் இல்லன்னு சொன்ன?"

"பின்னால நைனா குந்திகினு இருந்தாரு."

"அவரு இருந்தா?"

"கனைச்சாரு" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அரசப்பனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. ஆடி அமாவாசை. அவருடைய முட்டிவலிக்காக வீரராகவர் கோயில் குளத்தில் கரைக்கச் சொல்லி, அவர் மனைவி கெங்கம்மாள் பெண்ணிடம் வெல்லம் கொடுத்துத் திருவள்ளூருக்கு அனுப்பினாள். அந்தக் குளத்தில் வெல்லம் கரைவதுபோல் நோயும் கரையும் என்று நாலு ஊர் ஜனமும் அன்றைக்கு அங்கேதான் கிடக்கும். சாயங்காலம் பையில் வெல்லம் அப்படியே திரும்பி வந்தது. குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை நைனா என்றாள். அவரும் நம்பி, ஒரு வாரம் அந்த வெல்லத்தைக் கடித்துக்கொண்டு காப்பி குடித்தார்.

"அம்மாசிக்கு எங்கமே போன?"

துளசிராமன்தான் சொன்னான். "சினிமாவுக்கு, மாமா."

அரசப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி கட்டினார். திட்டுவதற்கு வாயில் நிறைய இருந்தது. திட்டக்கூட அலுப்பாக இருந்தது. உள்ளே போய் இப்போது சொல்ல வேண்டியது அவர்தான். காவல் இருந்தேன் என்று சொன்ன அதே வாயால்.

டைக்காரர் டீ குடிக்க வெளியே வந்தபோது அரசப்பன் வழியில் நின்றார். "சார், தொரகிட்ட ஒரு வார்த்த."

"சொன்னதுதான் சொல்லிட்டீங்களே பெரியவரே."

"அத்த மாத்தணும்."

மத்தியானச் சாப்பாடு முடிந்து துரை வரும்வரை நிற்கவைத்தார்கள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. உள்ளே போனதும் உட்காராமலே சொன்னார்.

"எம்பொண்ணு பொய் சொல்லிச்சு. அவன் சொன்னதுதான் நெசம். ஆடியில புருஷன் பொண்டாட்டி பாக்கக்கூடாது, அது எங்க மொற. என் கண்ண மறைச்சிட்டுப் பாத்துகினு இருந்திருக்காங்க. எனக்கு பயந்து இல்லன்னுட்டா."

"நீங்கதான் காவல் இருந்தேன்னு சொன்னீங்க. இப்ப எப்படித் தெரியும்?"

அரசப்பன் வெல்லத்தைப் பற்றிச் சொன்னார். டைக்காரர் அதைத் துரைக்கு விளக்கப் படாதபாடு பட்டார். குளம், அமாவாசை, முட்டி என்று கையாலெல்லாம் காட்டினார். துரை அரசப்பனின் முட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்.

இந்தத் தடவை அரசப்பனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அவர் சண்டை போடவில்லை. சாத்தின கதவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டிருந்தார். உள்ளே ஒருமுறை துரை சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன சிரிப்பு என்று எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

சுலோசனா அழுத கண்ணோடு, ஆனால் நிமிர்ந்து வந்தாள். பின்னாலேயே டைக்காரர். "பாஸ்போர்ட்ட குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு விசா அடிச்சுத் தருவாங்க. நீங்க சொன்ன வெல்லத்த அந்தப் பொண்ணும் தானாவே சொல்லிச்சு பெரியவரே. அதான் தொர நம்பினாரு."

"தாலி கட்னத ஊரே பாத்துச்சுன்னா நம்ப மாட்டான். வெல்லத்த நம்புவானா?"

டைக்காரர் கையை விரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் துளசிராமன் ரிக்ஷா கூப்பிட்டான். அரசப்பன் ஏறவில்லை. சுலோசனா கிட்டே வந்து, "நைனா, முட்டி வலிக்கும், ஏறு" என்றாள்.

"வலிக்கும்தான். கரைச்சிருந்தா வலிக்காது."

அரசப்பன் மருமகனைப் பார்த்தார்.

"சினிமாதானே மாப்ள?"

"சினிமாதான் மாமா."

"வேற ஒண்ணுமில்லயே?"

"மாமா, உள்ள பாதி நாள் இதத்தான் கேட்டாங்க."

"அவன் கேட்டது வேற. நான் கேக்கறது வேற."

துளசிராமன் சத்தியமாக இல்லை என்றான். தன் தலையில் கைவைத்துக்கூடச் சொன்னான். பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசப்பன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உர மூட்டையாக இருந்தால் பிரித்து மோந்து பார்க்கலாம்.

"சரி, ஜோடியா போங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சென்ட்ரலைப் பார்த்து நடந்தார். ஆடி, ஆவணி என்று ஆரம்பித்து, காலைத் தாங்கித் தாங்கிச் சித்திரைவரை விரலை மடக்கிக்கொண்டே போனார்.