வழியில் உட்கார்ந்த அரக்கன்

நான் எதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிற ஆள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. கால் மில்லிமீட்டர் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டையும் நாலு வருஷமாக அப்படித்தான் நடத்தினேன்.

விளையாட்டு இதுதான். மேசையைச் சுற்றி மூன்று பேர், ஆளுக்கொரு பாத்திரம். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தீபக் அதில் போர்வீரன். ஃபிளெக்ஸ் கடைக்காரன் சஹீர் திருடன். அவன் தங்கை அஃப்ஷீன் மந்திரக்காரி. தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் வாயால் சொல்வார்கள். மற்ற எல்லாமும் நான்: மலை, மழை, சத்திரக்காரன், பேய். இதற்கு கேம் மாஸ்டர் என்று பெயர். செய்ய நினைத்தது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடைக் காயை உருட்டுவோம். பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் என்றால் இல்லை. காய் சொன்னால் சொன்னதுதான். அஃப்ஷீன் இரண்டு வருஷம் வளர்த்த பழைய மந்திரக்காரி, ஒரே ஒரு முறை 'இரண்டு' விழுந்ததில் ஆற்றோடு போனாள். அஃப்ஷீன் அழுதாள், பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. நான் அசைந்து கொடுக்கவில்லை.

வழக்கமாக மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடுவோம், உக்கடத்தில் சஹீர் கடையின் மாடியில். அந்த ஞாயிறு மட்டும் காலை ஒன்பதுக்கே வரச் சொன்னேன். கதை நீளம் என்று காரணம் சொன்னேன். அது பொய். அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் என் அண்ணன் திருமூர்த்தி கட்டிய புது வீட்டுக்குக் குடிபுகும் நாள். விடியற்காலையில் பால் காய்ச்சி, மத்தியானம் விருந்து. எனக்கு அழைப்பு அண்ணன் நம்பரிலிருந்து வாட்ஸப்பில் வந்தது. பத்திரிகையின் போட்டோ ஒன்று, கூடவே ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளை அப்படி அழைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, நேரில் சொல்ல வேண்டும். தூரத்துப் பங்காளிக்கே அதுதான் முறை. போகப்போவதில்லை என்று முடிவு செய்தேன். துடியலூரில் என் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் மனசு மாறிவிடும் என்றுதான் காலையிலேயே விளையாட்டை வைத்தேன்.

அன்றைய கதைக்கு இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மலைக் கணவாயை அடைத்துக்கொண்டு ஒரு அரக்கன் உட்கார்ந்திருக்கிறான். மூவரும் சண்டை போட்டு வழியைத் திறக்க வேண்டும். எந்தப் பாறை எப்போது உருளும் என்பது வரைக்கும் குறித்து வைத்திருந்தேன்.

"அரக்கன் உங்களைப் பாக்கறான்" என்றேன். "என்ன பண்றீங்க?"

தீபக் யோசிக்கவே இல்லை. "கும்பிட்டுப்போட்டு, ஏனுங்க, சாப்டாச்சுங்களான்னு கேக்கறேனுங்க" என்றான்.

இருபத்திரண்டு பக்கத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது. எவனாவது அரக்கனிடம் சாப்பாடு விசாரிப்பானா? இவன் விசாரிப்பான். பண்ணைக்குக் கோழி ஏற்ற வரும் லாரிக்காரனைக்கூட அதைக் கேட்காமல் அனுப்ப மாட்டான்.

"இன்னும் இல்ல" என்றேன், அரக்கன் குரலில்.

"ஏனுங்க, பசியோட வழியில உக்காந்திருக்கீங்க?" என்றான் சஹீர்.

இதையும் நான் எழுதி வைக்கவில்லை. யோசிக்கிறதுக்குள் வாய் முந்திக்கொண்டது. "கீழ ஊருல எங்கண்ணன் புது ஊடு கட்டியிருக்கறான். இன்னிக்குத்தான் பால் காச்சறான். என்னைய நேர்ல வந்து கூப்பிடல. காக்காகிட்ட ஓலை குடுத்து உட்டான். அதான் ஒருத்தனையும் உட மாட்டேன். அவனூட்டுக்கு எவனும் போகக்கூடாது."

அஃப்ஷீன் என்னையே பார்த்தாள். காலை ஒன்பது மணி எதற்கு என்று அப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அவரு ஏன் வரலைன்னு நீங்க கேட்டீங்களாங்க?" என்றாள், அரக்கனிடம்.

"நான் எதுக்குக் கேக்கோணும்? தப்புப் பண்ணினவன் அவன்."

"போகாம இருந்தா உங்குளுக்கு நிம்மதியா இருக்குதுங்களா?"

அரக்கன் என்ன சொல்வான் என்று தேடினேன். இல்லை என்பதுதான் வந்தது. அதைச் சொல்லப் பிடிக்காமல், "காயை உருட்டு" என்றேன். "பதிமூணுக்குக் கொறையாம வந்தா எந்திரிப்பான்."

உருட்டினாள். நாலு விழுந்தது.

"போச்சு" என்றாள். "எந்திரிக்க மாட்டானுங்க. சண்டைதான்."

சஹீர் கத்தியை எடுத்ததாகச் சொன்னான். நான் காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமாக எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். ஆனால், அந்த நாலு இருபதாக இருந்திருக்கக்கூடாதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"எந்திரிச்சுட்டான்" என்றேன்.

"அக்கா, விழுந்தது நாலுங்க்கா" என்றான் சஹீர்.

"தெரியும். எந்திரிச்சுட்டான்."

அஃப்ஷீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ற மந்திரக்காரி ஆத்துல போனப்ப எத்தன கெஞ்சுனேன்? காய் சொன்னா சொன்னதுதான்னீங்க."

"அன்னிக்கு நான் பண்ணினது தப்பு கண்ணு. மன்னிச்சுக்கோ" என்றேன். நாலு வருஷத்தில் அந்த மேசையில் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தீபக் மெதுவாகக் கேட்டான். "எந்திரிச்சு எங்கீங்க போறான்?"

"மேட்டுப்பாளையம்."

தீபக் வண்டிச் சாவியை எடுத்தான். மேட்டுப்பாளையம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "சாப்புட்டுட்டு வாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. திரும்பி, நிறுத்தியிருந்த காரை நோக்கி நடந்தார். எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

கார்க் கதவைத் திறந்து, ஸ்டியரிங் பக்கத்திலிருந்து எதையோ எடுத்து வந்தார். பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, வெயிலில் வெளுத்திருந்தது. மேலே அவர் கையெழுத்தில் என் பெயர், புவனா.

"மூணு ஞாயித்துக்கெழம வந்தேன்" என்றார். "உனக்கு லீவுன்னு நாலு மணிக்கு வந்தேன். மூணு தடவையும் ஊடு பூட்டிக் கெடந்துச்சு. எங்கியோ வெளையாடப் போயிருக்குதுன்னாங்க, கீழூட்டம்மா. கடைசியில உன்ற அண்ணிதான் என்ற போன்ல இருந்து போட்டோ எடுத்து அனுப்பி உட்டா."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்கண்ணா?"

"கூடப்பொறந்தவ ஊட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டா வருவாங்க?" என்று கத்தினார். "ஏன், நீ பண்ணியிருக்கலாமில்ல?"

கண்ணில் தண்ணீர் முட்டியது. உள்ளே யாரோ சாம்பார் வாளியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், வெளியாளிடம் பேசுகிற மாதிரி அத்தனை மரியாதையாகச் சொன்னார்.

"இன்னிக்குப் புது ஊட்டுக்குப் பால் காச்சறமுங்க. நீங்க கட்டாயம் வரோணும்."

அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"வந்தர்றேனுங்கண்ணா" என்றேன்.