வடக்கே திரும்பிய பீடம்

சர்ச்சின் நடுவாசலில் நின்று பார்த்தால் சிலுவை நேரே தெரியாது. இரண்டடி இடப்பக்கம் ஒதுங்கித் தெரியும். சபையார் உட்காரும் நீளக்கூடம் கிழக்கே நேராகத்தான் போகிறது. அதன் முடிவில் கல்வளைவைத் தாண்டியதும் பீட அறை மட்டும் வடக்கே திரும்பிக்கொள்கிறது. கல்யாணத்துக்குப் படம் எடுக்க வரும் சேலத்துக்காரர்களுக்கு இது தீராத தொல்லை. மணமக்களை நடுவில் நிறுத்தினால் சிலுவை மாப்பிள்ளையின் காதோரம் முளைத்தது போல விழும். சிவப்புக் கம்பளத்தை நேராக விரித்தாலோ அதன் முனை தெற்குச் சுவரில் போய் முட்டும்.

1987 மழைக்காலத்தில் சபைப் பொருளாளர் தேவநேசன் ஒரு தனியார் எஞ்சினியரை அழைத்து வந்தார். தேவநேசனுக்கு ஏரிப் பக்கம், கல்யாணக் கூட்டம் வந்து தங்கும் லாட்ஜ் ஒன்று இருந்தது. எஞ்சினியர் குடையை மடக்காமலே சுற்றிப் பார்த்தார். சரிவில் மண் நகர்கிறது, பீட அறை கூடத்தை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது, இடித்துவிட்டு நேராகக் கட்டுவதே நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போனார்.

சபைச் செயலாளர் மனுவேல் அதை நம்பவில்லை. அவர் சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மண் நகர்ந்தால் சுவர் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். கீழ்நோக்கித்தான் போகும். இங்கே சரிவு தெற்கே இருக்கிறது. அறையோ வடக்கே, மேட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. இதை அவர் கமிட்டியில் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பிறகு கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

சர்ச்சைக் கட்டியவன் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை. இங்கிலாந்தில் தான் பிறந்த ஊரின் எழுநூறு வருஷத்துக் கோவிலைப் பார்த்துக் கட்டியதாக வாசலுக்குள் ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்து வைத்திருந்தான். அப்படிப்பட்ட பழைய இங்கிலாந்துக் கோவில்கள் சிலவற்றில் பீட அறை கோணலாக இருக்கும் என்று மனுவேல் சேலம் நூலகத்தில் படித்திருந்தார். சிலுவையில் இயேசு தலை சாய்த்ததைக் குறிக்கிறது என்பார்கள் பக்திமான்கள். மனுவேலுக்கு இன்னொரு விளக்கமே சரியென்று பட்டது. பழைய அறைக்குள் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சுற்றிப் பெரிய அறையை எழுப்பியிருப்பார்கள், நடுவே பழைய சுவர் நின்றதால் கூடத்திலிருந்து நூல் பிடிக்க வழியில்லை, பிசகிவிட்டது. அந்தப் பிசகைத்தான் துரை கடல் தாண்டிக் கொண்டுவந்து, கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் பொருத்திய குறுகிய சன்னல்களோடும் மூன்றடிச் சுவர்களோடும் சேர்த்து, இங்கே அப்படியே கட்டியிருக்க வேண்டும்.

இதை நிரூபிக்க மனுவேல் ஆறு மாதம் கேட்டார். ஆயர் கொடுத்தார். "ஆதாரம் இருந்தா நிறுத்திரலாங்க, இல்லீன்னா வேலைய ஆரம்பிச்சரலாம்" என்றார் தேவநேசன்.

தகட்டிலிருந்த ஊருக்கு மனுவேல் கடிதம் போட்டார். பதில் இல்லை. நினைவூட்டிக் கடிதம் போட்டார். போஸ்ட்மேனே அவரைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை விரிக்கத் தொடங்கினார். நான்கு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. அந்த ஊர்க் கோவிலின் தரைப்படம் அதில் இருந்தது. பீட அறை வடக்கே திரும்பியிருந்தது. சர்ச்சை அளந்து தான் போட்டிருந்த வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்து மனுவேல் கோணத்தை ஒப்பிட்டார்.

கடிதம் மட்டும் போதாது என்று பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டிலிருந்து கல்வேலைக்காரர் முனியப்பனை அழைத்தார். முனியப்பன் கம்பளத்தைச் சுருட்டச் சொன்னார். வளைவின் அடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, குந்தி உட்கார்ந்து, உளியின் பின்புறத்தால் கல் கல்லாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார்.

"இந்த வரிசையப் பாருங்க. ஒவ்வொரு கல்லும் தெக்கால அகலம், வடக்கால குறுக்கம். திரும்பறதுக்குன்னே கொத்தியிருக்காங்க. செவுரு நகுந்திருந்தா சுண்ணாம்பு வாயைப் பொளந்திருக்குமுங்க. இது ஒரு மயிரு கூட விடல."

"கமிட்டில வந்து சொல்லுவீங்களா?"

"நா வந்து என்னத்தச் சொல்றதுங்க. கல்லே சொல்லுது."

மறுவருஷம் ஜூலைக் கூட்டத்தில் மனுவேல் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார். கூட்டத்துக்கு வரவழைத்திருந்த எஞ்சினியர் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் கணிப்பு தவறு, கட்டடம் ஓர் அங்குலமும் நகரவில்லை என்று ஒப்புக்கொண்டார். மனுவேல் தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

தேவநேசன் தலையாட்டினார். அவர் குரலில் பகையே இல்லை.

"ஏனுங்க மனுவேலண்ணா, நொம்பப் பாடுபட்டிருக்கீங்க. நா இத்தன நாளா மழைக்குச் சரிஞ்சதுன்னு நெனச்சேன். சரிஞ்சிருந்தா, பாவம், முட்டுக் குடுத்துக்கூட நிறுத்தலாமுங்க. கட்டறப்பவே தப்பாக் கட்டுனதுன்னு நீங்களே காட்டிட்டீங்க. எவனோ சீமையில நூல் புடிக்கத் தெரியாமப் பண்ணுன தப்ப, நாம எதுக்குங்க சொமக்கோணும்?"

சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், அதனால்தான் இந்தச் சபையில் எந்தக் காரியமும் நேராக நடப்பதில்லை என்றார். மனுவேல் எழுந்து, நகரவில்லை என்றால் விழாது, விழாததை எதற்கு இடிக்க வேண்டும் என்று கேட்டார். தவறு என்றாலும் அது எழுநூறு வருஷத்துத் தவறு என்றார். அதைச் சொன்ன விதம் அவருக்கே பிடிக்கவில்லை. ஆயர் கை தூக்கச் சொன்னார். இடிப்பதற்குப் பதினொரு கை, வேண்டாமென்று மூன்று. செயலாளர் என்பதால் தீர்மானத்தை மனுவேல்தான் எழுதினார்.

பத்து நாள் கழித்து தேவநேசன் மேஸ்திரியோடு அவர் வீட்டுக்கு வந்தார். மனுவேலின் மனைவி கமலா காப்பி கொடுத்தாள். எஞ்சினியரிடம் அளவு எதுவும் இல்லை, வளைவின் சுற்றளவுகூட மனுவேலின் படத்தில்தான் இருக்கிறது, அதைக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார் தேவநேசன்.

 கிழக்கிலிருந்து இடித்து வருவதா, முதலில் வளைவைத் தட்டிவிடுவதா என்று மனுவேல் மேஸ்திரியைக் கேட்டார்.

"வளைவுதானுங்க மொதல்ல. அது போச்சுன்னா மத்ததெல்லாம் லேசா வந்துரும்."

கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்க அந்த வளைவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று இவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சுவர் வந்தால் கூரையும் வரும். மனுவேல் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்து மேசையில் விரித்தார். நான்கு மூலையிலும் காப்பி டம்ளர்களை வைத்தார். சிவப்புப் பென்சிலால் வளைவின் இரண்டு பக்கமும் கோடிட்டார்.

"வளைவத் தொடாதீங்க. இங்கயும் இங்கயும் முட்டுக் குடுத்துட்டு, அறைய அந்தக் கடைசியிலிருந்து பிரிச்சுட்டு வாங்க. இல்லீன்னா கூடமும் சேந்து வந்துரும்."

"பாத்தீங்களா, அண்ணனில்லாம இந்த வேல ஆகுமா?" என்றார் தேவநேசன் மேஸ்திரியிடம்.

மனுவேல் அளவுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். மேஸ்திரி சிகரெட் அட்டையின் பின்னால் குறித்துக்கொண்டார்.