சாய்ந்து போகும் பஸ்

ஆறு மாத விடுப்பு முடிந்து கண்டக்டரம்மா வேலைக்குத் திரும்பிய அன்று, அவர் ஏறியதும் பஸ் இடப்பக்கம் சாய்ந்தது. இறங்கியதும் நிமிர்ந்தது. வீடு அதற்கு முன்பே சாய ஆரம்பித்திருந்தது. தட்டில் ஊற்றிய குழம்பு ஓரத்துக்கு ஓடியது. கணவர் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தார். கண்டக்டரம்மாவுக்கு இடது மார்பை எடுத்தாயிற்று என்பது வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாதென்று சத்தியம். ஊருக்குச் சொன்னது பித்தப்பைக் கல். செய்யாத தப்புக்கு வெட்கப்படுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இடது கை தோளுக்கு மேல் எழாது. மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல், இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்து டிக்கெட் கிழித்தார். மகளுக்குத் தலைபின்னவும் கை வரவில்லை. கணவர் பின்னிவிட்ட சடை தாம்புக்கயிறு மாதிரி இருந்தது. அந்தச் சடையோடு பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கக் கண்டக்டரம்மாவுக்குக் கூசியது.

பழி டிரைவர் தலையில் விழுந்தது. "என்னண்ணே, வண்டிய ஓட்டுறீங்களா, படுக்கப் போடுறீங்களா?" என்றார்கள் பயணிகள். மெக்கானிக் இடப்பக்க ஸ்பிரிங்கை உயர்த்திக் கட்டினார். கண்டக்டரம்மா இல்லாத நேரத்தில் பஸ் வலப்பக்கம் சாய்ந்தது. டெப்போ மேலாளர் மூன்று பேரையும் கூப்பிட்டு, வண்டியைக் கெடுத்ததற்கு டிரைவரை வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

"நீயாவது சொல்லும்மா, நான் ஒழுங்காத்தானே ஓட்டுறேன்?" என்றார் டிரைவர்.

வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டால் அந்த மனிதரின் சோறு போகும். கண்டக்டரம்மாவுக்குக் காது மடல்வரை சுட்டது.

"அண்ணன் மேல தப்பில்ல சார். எனக்குக் கல்லு எடுக்கல. கேன்சர். இடது மார எடுத்துட்டாங்க. அதான் சாயுது."

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. டிரைவர் தரையைப் பார்த்தார். மேலாளர் மட்டும், "எடுத்தா லேசாத்தானே ஆகணும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சார்."

மறுநாள் அதே டிரைவர்தான் பஸ்ஸை எடுத்தார். ஸ்பிரிங்கைப் பழையபடி இறக்கிவிட்டார்கள். பஸ் சாய்ந்தது. பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு முணுமுணுப்பு நின்று பழக்கமாகிவிட்டது. மகள் தானே பின்னிக்கொள்ளும் வயதுக்கு வந்து, பின்னலையே வெட்டிக்கொள்ளும் வயதுக்கும் வந்துவிட்டாள். புதிதாக ஏறுபவர் யாராவது, வண்டி ஏன் இப்படிப் போகிறது என்று இப்போதும் கேட்பதுண்டு. கண்டக்டரம்மாவுக்குக் காது சுடும். ஆனாலும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

"எனக்கு ஒரு மார எடுத்துட்டாங்க. நீங்க வலப்பக்கமா உக்காருங்க."

அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.