மில் வண்டி வீடு

காலை ஐந்து நாற்பதுக்கு அழகுராஜா எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டில் பாதியைக் காய்ச்சினான், மீதியை ஃபிரிட்ஜில் வைத்தான். காபியை நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மாடியிலிருந்து இறங்கி, காம்பவுண்டு ஓரம் நின்ற வேனின் உறையை விலக்கினான். ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினான். இன்ஜின் ஏழு நிமிடம் ஓடியது. அணைத்தான். பதினோரு மாதமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மற்ற நாளென்றால் உறையை மறுபடி போர்த்திவிட்டுக் குளித்து, பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிடுவான். இன்றைக்கு ஞாயிறு. வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது. உறையை மடித்துப் படியில் வைத்தான்.

அவனுக்கு வண்டியைக் கிளப்பத்தான் தெரியும், ஓட்ட வராது. ஓட்டியதெல்லாம் அவன் மனைவி ஜீவிதா.

ஜீவிதா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். இந்த வேன்தான் நான்கு வருடம் அவளை ஷிஃப்டுக்கு ஏற்றிப் போனது. மில்லில் புது பஸ் வாங்கியதும் இதைக் கழித்துவிட்டார்கள். இவள் போய் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "நாலு வருசம் இதுல தூங்கிக்கிட்டே போயிருக்கேன் அப்பு. இனி முழிச்சிக்கிட்டுப் போவோம்" என்றாள். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த காலத்திலிருந்தே அவனை அவள் அப்பு என்றுதான் கூப்பிடுவாள்.

சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு வீடு கட்டினாள். ஒன்றரை வருடம் விடுமுறை நாளெல்லாம் அதிலேயே போனது. பிறகு இரண்டு வருடம் ஊர் ஊராகப் போனார்கள். போன பிப்ரவரியில், வைகை அணைப் பக்கம் போய்த் திரும்பிய மறுநாள் காலை, தலை வலிக்கிறது என்றாள். மதியம் அவள் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வயது இருபத்தொன்பது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவள் அம்மாவிடம் ஒன்று சொன்னான். தன் அம்மாவிடம் வேறொன்று சொன்னான். இரண்டும் அவள் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் பொம்மையனின் மகன் கார் வாங்கப் போகிறான். தை மாதத்துக்குள் இடம் காலியாக வேண்டும். வேனைக் கேட்டு முதலில் வந்தவர் ஒட்டன்சத்திரத்துச் சங்கிலி. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவர். ஏறிப் பார்த்தவர், "ஏனுங்க, உள்ளாற இருக்கறதையெல்லாம் நானே பேத்துப் போட்டுக்கறனுங்க. உங்களுக்குச் செரமம் வேண்டாமுங்க" என்றார். நல்ல மனிதர். உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஞாயிறு காலை இன்னொரு ஆள் பார்க்க வருகிறார், அவர் வேண்டாமென்றால் வண்டி உங்களுக்கு என்று அழகுராஜா சொல்லியிருந்தான். பதினொரு மணிக்கு ஸ்பானரோடு வருவதாகச் சங்கிலி சொல்லிப் போயிருக்கிறார்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள். பேகம்பூர் அக்பர் அலி, அவர் மனைவி ஷரீஃபா. அவர் தோல் கமிஷன் மண்டியை மூடிவிட்டு ஓய்ந்தவர். அந்த அம்மா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவர்.

"ஆர்.சி. புக்கெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் தம்பி" என்றார் அக்பர் அலி. "மொதல்ல எங்க வீட்ல ஏறி எறங்கட்டும். இவ முட்டி பாஸ் போட்டாத்தான் நான் பேச்சையே எடுப்பேன்."

"எம் முட்டிய ஊரெல்லாம் தண்டோரா போடுங்க" என்றார் ஷரீஃபா.

அழகுராஜா பக்கக் கதவைத் திறந்து, கீழேயிருந்து ஒரு படியை இழுத்தான். மேசை இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து, 'டக்' என்று நின்றது. இன்னொன்றை இழுத்தான். படிகளின் மேல் சாக்கு ஒட்டியிருந்தது, வழுக்காது. பிடித்துக்கொள்ள, பழைய மில் வண்டியின் கைப்பிடிக் கம்பியே குறுக்கே இருந்தது. ஷரீஃபா ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

"பாஸ்" என்றார் அக்பர் அலி.

அழகுராஜா காட்டத் தொடங்கினான். பாடம் நடத்துகிற குரலில்தான் தொடங்கினான்.

சுவரில் வரிசையாக நூல் சுற்றும் பிளாஸ்டிக் கோன்கள். மில்லில் ஒடிந்ததென்று ஒதுக்கியவை. டம்ளர், டார்ச், துண்டு எல்லாம் அதில்தான் தொங்கும். தட்டுகளுக்கு இடையில் பழைய குக்கர் ரப்பர். எவ்வளவு குண்டும் குழியுமான ரோடானாலும் சத்தம் வராது. ஜன்னல் திரையின் விளிம்பில் ஸ்பீக்கர் காந்தம் வைத்துத் தைத்திருக்கிறது. விட்டால் தகரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு எழும்பாது. கேஸ் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி, அடியில் ஓட்டை. கேஸ் கசிந்தால் கீழேதான் இறங்கும், உள்ளே தங்காது.

"இது என்ன தம்பி, மருந்துக் குப்பி?" டேஷ்போர்டில் படுக்க வைத்து ஒட்டிய இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை ஷரீஃபா காட்டினார்.

"முக்கால்வாசி எண்ணெய்ங்கம்மா. உள்ள ஒரு குமிழி நிக்குது பாருங்க. அது நடுவுல நின்னா வண்டி சமமா நிக்கிதுன்னு அர்த்தம். ஒரு கோடு தள்ளி நின்னா, சக்கரத்துக்கு அடியில இந்தப் பலகையில ஒரு படி ஏத்தணும். ரெண்டு கோடுன்னா ரெண்டு படி. சரிவா நின்னா ராத்திரி உருண்டு அடுத்தாள் மேல விழணும்."

"எங்களுக்கு இனிமே அதெல்லாம் எதுக்கு" என்றார் அக்பர் அலி.

"வாய மூடுங்க. புள்ள முன்னாடி!"

அழகுராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அவனே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

மூடி போட்ட பெரிய வாளியைக் காட்டினான். அழுக்குத் துணி, சோப்புத் தூள், தண்ணீர் போட்டு மூடிவிட்டால் வண்டி ஓடும் குலுக்கலிலேயே துணி துவைந்துவிடும். வத்தலக்குண்டில் போட்டால் கொடைக்கானலில் அலசிக் காயப்போடலாம். முன் சீட்டுகளுக்கு நடுவே இருந்த இன்ஜின் மூடியைத் தட்டினான். மலையில் குளிருக்கு இட்லி மாவு பொங்காது. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் பாத்திரத்தை இந்தச் சூட்டின் மேல் வைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டால், காலையில் பொங்கியிருக்கும்.

"யாரு கண்டுபிடிச்சது?"

"ஜீவிதா."

அலமாரிக் கதவின் உள்பக்கம் அவள் கையெழுத்து. மார்க்கரில் எழுதியது. ஷரீஃபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"தினமும் ஏழு நிமிடம் இன்ஜின் ஓட வேண்டும். தென்னைக்கு அடியில் நிறுத்தாதே. புளிக்கு அடியிலும் வேண்டாம். வேம்பு நல்லது. தோட்டத்தில் தங்கக் கேட்கும்போது முதலில் கத்தரிக்காய் விலை கேள், வாங்கு, பிறகு இடம் கேள். மாவு முக்காப் பாத்திரம்தான். இது அப்புவுக்கு." நிமிர்ந்தார். "அப்பு யாரு?"

"நான்தாங்கம்மா. ஒரு தடவ தலதட்டி ஊத்திட்டேன். பொங்கி வழிஞ்சு இன்ஜின்ல விழுந்துருச்சு. மறுநாள் மலை எறங்குறவரைக்கும் தோசை வாசம்."

அக்பர் அலி தொடையில் தட்டிச் சிரித்தார். ஷரீஃபா எழுந்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போனார். அங்கே சின்ன அடுப்பு மேடை. அதற்குப் பக்கத்தில் ஒரு தொட்டி, குட்டி மோட்டார் வைத்த ஒரு குழாய்.

அழகுராஜா ஓரடி முன்னால் போனான். வண்டியில் அவன் தொடாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"அம்மா, அத மட்டும்..." என்றான்.

ஷரீஃபா குழாயைத் திறந்துவிட்டார்.

பச்சையாக ஒரு கட்டி வந்து விழுந்தது. பின்னாலேயே நாற்றம். செத்த எலி, சாக்கடை, அழுகிய பாசி எல்லாம் சேர்ந்த மாதிரி. அக்பர் அலி மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே குதித்தார். ஷரீஃபா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படியில் இறங்கினார். முட்டியை யாரும் கேட்கவில்லை.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க" என்றார் அக்பர் அலி. "வண்டி அருமையான வண்டி. ஆனா குடிக்கிற தண்ணி பாருங்க. இவ முப்பது வருசம் அடுப்படியில நின்ன பொம்பள. மனசுல ஒரு தடவ அசிங்கம்னு பட்டுட்டா அவ்வளவுதான்."

மணி ஒன்பதே முக்கால். பதினொன்றுக்குச் சங்கிலி வருவார். கோன்கள், காந்தத் திரை, குப்பிகள், கதவில் இருக்கிற எழுத்து எல்லாம் பன்னிரண்டு மணிக்குள் காம்பவுண்டு ஓரம் குவிந்து கிடக்கும்.

"செத்த நேரம் இருங்க" என்றான் அழகுராஜா.

சட்டையைக் கழற்றினான். பனியனோடு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நகர்ந்தான். மேலே டேங்க். அறுபது லிட்டர் நீல டிரம், படுத்த வாக்கில் பட்டை போட்டுக் கட்டியிருந்தது. அதன் அடியில் வால்வு. பிளாஸ்டிக் கைப்பிடி எப்போதோ போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு பழைய ஸ்பானர் பற்றவைத்திருந்தது. கையை வைத்தான். கை தானாக வலது பக்கம் அழுத்தியது. நிறுத்தினான். கண்ணை மூடித் திறந்தான். இடது பக்கம் திருப்பினான்.

பதினோரு மாதத் தண்ணீர் அவன் தோளை நனைத்துக்கொண்டு கொட்டியது. அவன் நகரவில்லை. கடைசிச் சொட்டு வரை வந்து நின்றது.

வெளியே வந்தபோது ஷரீஃபா குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க பாருங்களேன். டிரம்ம ஒரு வெரல் அளவு சாய்ச்சு வச்சுருக்கு. ஒரு சொட்டு தங்கல. மூடியப் பாருங்க, கையவிட்டுத் தேய்க்கிற அகலம். பிரியாணி தேக்சா கழுவுனவளுக்குத்தான் இந்தப் புத்தி வரும். பாத்திரக் கடைக்காரனுக்கே வராது." இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இதக் கழுவுறதுக்கு ஏதாச்சும் எழுதி வச்சிருப்பாளே?"

எழுதி வைத்திருந்தாள். கதவின் கடைசி வரி. கல் உப்பு இரண்டு கை, எலுமிச்சை பத்து, பாதி டேங்க் தண்ணீர், பத்துக் கிலோமீட்டர் ஓட்டு.

"துணி துவைக்கிற மாதிரியே!" என்றார் அக்பர் அலி. "சாவியக் குடுங்க தம்பி. எப்பிடியும் ஓட்டிப் பாக்கணும்ல?"

ஷரீஃபா கைவிட்டுத் தேய்த்தார். அவன் ரப்பர் ஹோஸைப் பிடித்து மூன்று தடவை அலசினான். தெருமுனைக் கடையில் எலுமிச்சை வாங்கி வந்தான். உப்பு வீட்டில் இருந்தது. நனைந்த பனியனை மாற்றிக்கொண்டு வந்து, பழக்கப்படி இடது பக்கச் சீட்டில் ஏறினான். அந்தச் சீட்டில் உட்கார்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

வத்தலக்குண்டு ரோட்டில் போனார்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகிற கூட்டம் எதிரே நடந்து வந்தது. பச்சை வேட்டி, தலையில் பை. இந்தக் கூட்டத்தை வைத்து ஜீவிதா ஒரு கணக்கு வைத்திருந்தாள். நடந்து போகிறவர்கள் எந்த நிழலில் உட்காருகிறார்களோ, அங்கே பக்கத்தில் நல்ல தண்ணீர் இருக்கும். அதைச் சொன்னான். அக்பர் அலி ஸ்டீயரிங்கைத் தட்டினார். "காலேஜ்ல சொல்லித் தருவாங்களா இத?"

"இல்லிங்க. பாத்துப் பாத்து அவளாக் கத்துக்கிட்டது. அவ எந்த எடத்தையும் சும்மா பாக்க மாட்டா."

பின்னால் டேங்க் களக் களக் என்று குலுங்கியது. தட்டுகள் சத்தம் போடவில்லை.

பத்தாவது கிலோமீட்டரில் ஒரு வேம்புக்கு அடியில் நிறுத்தினார்கள். குமிழி ஒரு கோடு தள்ளி நின்றது. ஷரீஃபாவே இறங்கி, பலகையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். அக்பர் அலி ஏற்றினார். குமிழி நடுவுக்கு வந்தது. "மாஷா அல்லாஹ்" என்றார் ஷரீஃபா மெதுவாக.

அழகுராஜா அடியில் போய் வால்வைத் திறந்தான். எலுமிச்சை மணத்தோடு தெளிந்த தண்ணீர் வேம்பின் வேரில் ஓடியது. கேனில் கொண்டுவந்த நல்ல தண்ணீரை டேங்கில் ஊற்றினார்கள். ஷரீஃபா குழாயைத் திறந்தார், முகர்ந்தார், வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். பிறகு குடித்தார்.

"முப்பது வருசமா ஊர் ஊராப் போயிருக்கேன் தம்பி" என்றார். "மண்டபத்துக்குப் பின்னாடி அடுப்படியத்தான் பாத்துருக்கேன். கன்னியாகுமரிக்கு ரெண்டு தடவ போனேன். கடலப் பாக்கல. இதுல போய்ப் பாக்குறேன்." கதவைத் தடவினார். "ஒரு ஆணியக்கூடக் கழட்ட விடமாட்டேன். இந்த எழுத்த யாரும் அழிக்கக் கூடாது."

போன் அடித்தது. சங்கிலி.

"அண்ணே, வண்டி போயிருச்சுண்ணே" என்றான் அழகுராஜா. "ஆமாண்ணே. உள்ள குடியிருக்கப் போறவங்களே எடுத்துக்கிட்டாங்க."

ஷரீஃபா அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டார். மூன்று கோன்களிலிருந்து மூன்று டம்ளர் எடுத்தார். அக்பர் அலி உறிஞ்சிக்கொண்டே, நீண்ட நேரம் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஒண்ணு மட்டும் வெளங்கல தம்பி. இம்புட்டுப் பதவிசாப் பாத்துப் பாத்துச் செஞ்ச புள்ள, தண்ணிய எப்பிடி அப்பிடியே விட்டுச்சு?"

"ஏங்க" என்று அதட்டினார் ஷரீஃபா.

"அவ விடலிங்க" என்றான் அழகுராஜா. டம்ளரைப் படியில் வைத்தான். "எங்கிட்டச் சொன்னா. அன்னைக்கு ஆட்டோவுல ஏத்தும்போது. ஆஸ்பத்திரி போற வழியில நினைவு போயிருச்சு, அப்பறம் பேசல. எல்லாரும் கேட்டாங்க, கடைசியா என்ன சொன்னான்னு. நான் இதச் சொல்லல. சொல்ற மாதிரி இல்ல இது."

ரோட்டில் பச்சை வேட்டிக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஷரீஃபா அடுப்பை அணைத்தார். சிலிண்டரையும் மூடினார். பிறகு கேட்டார்.

"என்ன சொன்னா?"

"அப்பு, டேங்க்ல தண்ணி கெடக்கு, தொறந்து விட்ரு. இடது பக்கமாத் திருப்பு, போன தடவ மாதிரி ஒடச்சுறாத."