கன்னத்து ஊசியும் கை நனைக்காத இலையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். நான், தீர்த்தகிரி. என் மனைவி காசியம்மாள். இறந்துபோன என் தம்பியின் மனைவி செல்லம்மாள், அவள் மகள் ஐஸ்வர்யா. என் மகன் அறிவழகன். கம்பைநல்லூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார்: வீரமணி, அவர் மனைவி சசிகலா, மகன் ரஞ்சித்குமார். இந்த எட்டுப் பேரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. கண்ணால் பார்த்ததாக இன்று அரூரில் கதை சொல்லிக்கொண்டிருக்கும் எவரும் அன்று எங்கள் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

ஐஸ்வர்யா ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். போன வருடம் அவளுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்து உடம்பு உருகிப்போனது. மருந்தில் நோய் அடங்கியது. கை கால் தேறியது. முகம் மட்டும் தேறவில்லை. கண்ணுக்குக் கீழே கன்னம் குழிந்து, எலும்பு எடுத்துக் காட்டியது. இருபத்தாறு வயதுப் பெண் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தால் அவள் அம்மாவுக்கு அக்கா போல இருந்தாள்.

ஊர் என்ன பேசும் என்று சொல்லத் தேவையில்லை. டீபி என்று பேசியது. ஊத்தங்கரைப் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று, பெண்ணுக்கு இருமல் உண்டா என்று தரகரிடம் கேட்டு அனுப்பிவிட்டு அப்படியே நின்றுபோனது. தகப்பன் இல்லாத பெண். அவளைப் பற்றி வருகிற பேச்சு என் வீட்டுக் கதவைத் தட்டுகிற பேச்சு.

சேலத்தில் தோல் டாக்டரிடம் கன்னத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போவதாக அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

“ஊசி போட்டுக் கன்னம் வெக்கிறதா? பலூனா அது?” என்றேன்.

“ஜெல்லு மாதிரிங்க பெரீப்பா. ஃபில்லர்னு சொல்லுவாங்க. நம்ம உடம்புலயே இருக்கற பொருள்தான். குழிஞ்ச எடத்துல ஏத்துவாங்க. ஒரு வருசம் ஒன்றரை வருசத்துல தானா கரஞ்சிரும்.”

“கரஞ்சப்புறம்?”

“அப்பறம் பாத்துக்கலாங்க. கண்ணாடி பாக்கறப்பெல்லாம் நோய்க்காரி நிக்கிற மாதிரி இருக்குதுங்க. ஊருக்காக மட்டும் இல்லீங்க பெரீப்பா.”

நான் அந்த டாக்டரம்மாவை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சம்மதித்தேன். அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் வீக்கம் இருக்கும், பயம் இல்லை என்றார். ஆனால் ரொம்ப அபூர்வமாக மருந்து ரத்தக்குழாயை அடைத்துவிடலாம். தோல் வெளுத்தாலோ, நீலமாக வலை பின்னியது போலத் தெரிந்தாலோ, வலி ஏறினாலோ அந்த நிமிடமே கூப்பிட வேண்டும். காத்திருந்தால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும் என்றார். முகத்தில் எதையும் பூசக் கூடாது என்றும் சொன்னார்.

வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தது நான். வீட்டுப் பெண்களுக்குக்கூடச் சொல்லவில்லை. செல்லம்மாளுக்குத் தெரிந்தால் அவள் தங்கைக்குத் தெரியும், தங்கைக்குத் தெரிந்தால் அரூர்ச் சந்தைக்குத் தெரியும். கார் ஓட்டிய அறிவழகனுக்கு மட்டும் தெரியும். கேட்டால் கடைவாய்ப் பல் பிடுங்கியதாகச் சொல்வது என்று பேசி வைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் வீக்கம் வடிந்து முகம் நிறைந்திருக்கும் என்பது கணக்கு. அதுவரை அவர்கள் அவளை நோய்க்கு முந்தின போட்டோவில்தான் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் சாப்பிடாமல்தான் எல்லாப் பேச்சும் நடக்கும். காபிகூடத் தொட மாட்டார்கள். மனம் ஒத்துவிட்டால் ஒரு நல்ல நாளில் வந்து இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதுவரை சம்பந்தி என்று ஒருவரை ஒருவர் கூப்பிடுவதில்லை.

சனிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டு மஞ்சவாடிக் கணவாய் தாண்டி வந்துகொண்டிருந்தபோது வீரமணி போன் செய்தார்.

“ஏனுங்க பெரியவரே, நாளைக்கே வந்தர்றமுங்க. எங்க குருக்களைக் கேட்டேன். நாளைக்கு வுட்டா இந்த மாசத்துல நாளே இல்லைங்கறாரு.”

நாளைத் தள்ளிப்போடுகிற பெண் வீட்டைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாங்க என்றேன். பின்சீட்டில் ஐஸ்வர்யா இடது கன்னத்தைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

“வலிக்குதா கண்ணு?”

“கொஞ்சந்தாங்க. வீக்கத்துக்கு இருக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் காசியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். “பல்லு புடுங்கினதுக்கா இப்பிடி வீங்கியிருக்குது? எந்தக் கம்மனாட்டி டாக்டரு அவன்?” என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய், எங்கள் காட்டில் விளைந்த மஞ்சளை அரைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்துச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். எங்கள் வீடுகளில் எந்த வீக்கத்துக்கும் அதுதான் பத்து. போட்டதும் ரத்தச் சிவப்பாகி இறுகிவிடும்.

ஐஸ்வர்யா என்னைப் பார்த்தாள். பல் என்று சொல்லிவிட்டோம். பல் வீக்கத்துக்குப் பத்து வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் ஒரு காரணம் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கன்னத்தைக் காட்டினாள்.

காலையிலும் செல்லம்மாள் புதிதாக ஒரு பத்துப் போட்டாள். வலி எப்படி என்று ஐஸ்வர்யாவிடம் கேட்டேன். இப்போது வலியே இல்லை என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

முற்பகலில் விருந்தாளிகள் வந்தார்கள். வீரமணி கலகலப்பான மனிதர். பெண் பல் பிடுங்கியிருக்கிறாள் என்று செல்லம்மாள் சொன்னதும், “அதுவும் நல்லதுக்குத்தானுங்க. எங்கூட்டுக்காரி சுடற முறுக்குக்கு மருமவ பல்லைக் காவு குடுக்க வேண்டாம் பாருங்க” என்றார்.

“ஆமா, முப்பது வருசமா அந்த முறுக்கைத் தின்னுதான் இந்த வாய் இப்பிடி வளந்திருக்குது” என்றாள் சசிகலா. அவள் பார்வை மட்டும் உள் அறைப் பக்கமே இருந்தது. “பொண்ணு வந்து இனிப்பு வெப்பாளில்லீங்க?”

“வராம? மொகம் கழுவிட்டு வருவா” என்றாள் காசியம்மாள்.

முதல் இனிப்பைப் பெண்தான் இலையில் வைக்க வேண்டும். கூடத்தில் மூன்று இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. சோறு, பொரியல், அப்பளம் எல்லாம் வைத்தாயிற்று. கேசரி மட்டும் பாக்கி. ரஞ்சித்குமார் தலையைக் குனிந்து அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரமணி என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னும் அஞ்சு நிமிசம். அப்பறம் பெரியவரேன்னு கூப்புட மாட்டேன். சம்பந்தின்னுதான்.”

அப்போது காசியம்மாள் உள்ளிருந்து கையை ஆட்டினாள். அவள் முகம் சரியில்லை.

அறைக்குள் ஐஸ்வர்யா ஜன்னல் ஓரம் நின்றாள். பத்தைச் சீயக்காய் போட்டுக் கழுவியிருந்தார்கள். கன்னமெல்லாம் மஞ்சள் கறை. அந்தக் கறைக்கு நடுவில், கன்னத்திலிருந்து மூக்கோரம் வரை ஒரு திட்டு வெளுத்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் கருநீலமாக வலை.

“தொட்டாத் தெரியலீங்க பெரீப்பா. மரத்துப்போன மாதிரி இருக்குது” என்றாள். குரலை அடக்கித்தான் பேசினாள்.

அறிவழகன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

“வலது கன்னத்துல விரலால அழுத்திட்டு விடுங்க. நிறம் திரும்புதா?”

அழுத்தினேன். உடனே சிவந்தது.

“இப்ப இடது பக்கம்.”

அழுத்தினேன். விரலை எடுத்தேன். விரல் பட்ட இடம் அப்படியே வெள்ளையாக நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது திரும்பவில்லை.

“எப்ப இருந்து இப்படி?”

“தெரியலீங்கம்மா. மேல மஞ்சப் பத்து இருந்துது.”

“உடனே கிளம்புங்க. நான் கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன். கரைக்கிற மருந்து போடணும். வர்ற வழியில வெதுவெதுப்பான துணியை வெச்சுக்கிட்டே வாங்க. எங்கேயும் நிக்காதீங்க” என்றார்.

செல்லம்மாள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். “பல்லு புடுங்கின எடத்துக்குக் கரைக்கிற மருந்து எதுக்குங்க மாமா?”

சொல்லச் சொன்ன பொய்யை நான்தான் எடுக்க வேண்டும் என்று ஐஸ்வர்யா என்னையே பார்த்து நின்றாள்.

“பல்லு இல்ல செல்லம்மா. கன்னத்துக் குழிக்கு ஊசி போட்டோம். அது ரத்தக்குழாயை அடச்சுருச்சு. இப்பப் போகலைன்னா தோலு அழுகிரும்.”

“எங்கிட்டயுமா மறச்சீங்க? என் கையாலயே பத்துப் போட வெச்சீங்களே!” அவள் சத்தம் போடவில்லை. கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். மகளின் கன்னத்தருகே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள். பிறகு என்னால் இன்றுவரை மறக்க முடியாத ஒன்றைச் சொன்னாள். “மாமா, அவங்க சாப்புட்டு எந்திரிச்சரட்டும். அர மணி நேரம். இதுவும் போச்சுன்னா இவளுக்கு அடுத்தது யாரு வருவாங்க?”

ஐஸ்வர்யாவும், “ஆமாங்க பெரீப்பா. முந்தானையால மூடிக்கிட்டு நானே இனிப்பு வெச்சர்றேன். கை நனைச்சிரட்டும். அப்பறம் போலாம்” என்றாள்.

அந்த வெள்ளைத் திட்டு ஓரத்தில் கொஞ்சம் பரவியிருந்ததா, என் கண்தான் அப்படிப் பார்த்ததா, தெரியவில்லை. கூடத்தில் வீரமணி எதற்கோ சிரிப்பது கேட்டது. அரை மணி நேரத்தில் கணவாயைத் தாண்டிவிடலாம். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. உண்மை தெரியாமல் ஒருவன் என் வீட்டு இலையில் கை நனைத்தால், அது கை நனைத்ததே ஆகாது. அந்தச் சம்பந்தத்தை எந்தச் சபையில் நான் நிமிர்ந்து சொல்வேன்? என் தம்பி மகளின் கன்னம் அழுகிக்கொண்டிருக்க, நான் அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தேன் என்பதை யாரிடம் சொல்வேன்?

“அறிவு, வண்டியை எடு” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

வீரமணி இலைக்கு மேல் கையைக் கொண்டுபோயிருந்தார்.

“கை வெக்காதீங்க. எந்திரிங்க” என்றேன்.

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“பொண்ணு பல்லு புடுங்கலீங்க. அது நான் சொல்லச் சொன்ன பொய்யி. அவளுக்குத் தைராய்டு இருந்து கன்னம் குழிஞ்சுது. நோய் தீந்துருச்சு. டீபி கிடையாது, ஊர் பேசற எதுவும் கிடையாது. குழியை நெரப்ப நேத்து ஊசி போட்டோம். அது இப்ப மோசமாயிருச்சு. இப்பவே சேலம் போறோம். நீங்க இன்னிக்கு எங்கூட்டுல சாப்புட வேண்டாம்.”

சசிகலா மெதுவாக எழுந்தாள். “அப்ப ஊசி போட்ட கன்னத்தைத்தான் எங்களுக்குக் காட்டறதா இருந்தீங்களா?”

“ஆமாங்க.”

“நாங்க கேட்டிருந்தா?”

“கேட்டிருந்தா அப்பவும் பல்லுன்னுதான் சொல்லியிருப்பேன். இன்னிக்குச் சொல்ல முடியலீங்க.”

வீரமணி கையைத் துண்டில் துடைத்தார், கை ஈரமே ஆகவில்லை என்றாலும். ரஞ்சித்குமார் மட்டும் எழுந்ததும் வாசலுக்கு ஓடினான். “எங்க வண்டி குறுக்க நிக்குதுங்க, எடுத்தர்றேன்” என்றான். அந்தப் பையன் அன்று செய்தது அவ்வளவுதான். அதுவும் பெரிது.

வழியெல்லாம் நான் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரில் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவை துணியை மாற்றும்போதும் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளை. கணவாயில் ஒரு லாரி வழி விடாமல் ஏறியது. என் மகனை வாழ்நாளில் திட்டாத வார்த்தையில் திட்டினேன். ஐஸ்வர்யா என் கையைப் பிடித்து, “அண்ணன் நல்லாத்தான் ஓட்டறாங்க, வுடுங்க பெரீப்பா” என்றாள்.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றார். குறை ஒன்றும் சொல்லவில்லை. கரைக்கிற மருந்தை அந்தத் திட்டைச் சுற்றி ஊசியால் ஏற்றினார். காத்திருந்தார். மறுபடி ஏற்றினார். செல்லம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். நான் திரும்பவில்லை. சாயங்காலம் ஆவதற்குள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “இப்ப அழுத்திப் பாருங்க” என்றார்.

அழுத்தி எடுத்தேன். மெதுவாக, மிக மெதுவாக, சிவப்பு திரும்பி வந்தது.

மறுநாளும் போய்வந்தோம். தோல் பிழைத்தது. மூக்கோரத்தில் ஒரு சிறு தழும்பு நின்றுவிட்டது. மருந்து கரைந்ததில் இடது கன்னம் பழையபடி குழிந்துவிட்டது. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வலது பக்கத்தையும் அவளே கரைக்கச் சொன்னாள். ஆறின பிறகு திரும்பப் போட்டுக்கொள்வாளா மாட்டாளா என்பது அவள் இஷ்டம். போட்டால் இந்த வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போடுவாள். செல்லம்மாள் என்னிடம் பழையபடி பேச ஒரு மாதம் ஆனது. கம்பைநல்லூரிலிருந்து தரகர் வந்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார். சரி என்றேன்.

இப்போது அரூரிலும் கம்பைநல்லூரிலும் ஒரு பேச்சு நடக்கிறது. பெண்ணுக்கு டீபி என்று கண்டுபிடித்து மாப்பிள்ளை வீட்டார் இலையை விட்டு எழுந்து போனார்கள் என்கிறார்கள். பெண்ணுக்கு டீபி இல்லை. அவர்கள் எழுந்து போகவும் இல்லை. நான்தான் எழுப்பினேன்.